இந்தப் பெயர் எந்த ஷீட்டுக்குச் சொந்தம்?



கணக்கு எழுதுகிறவர்களுக்கு மார்ச் மாதம் இரட்டை வேலை. ஓடுகிற ஆண்டை முடித்துக் கொடுக்க வேண்டும்; ஏப்ரல் 1-க்குப் புதுக் கோப்பும் தயாராக வேண்டும். அந்தப் புதுக் கோப்பைப் பெரும்பாலும் யாரும் புதிதாகப் போடுவதில்லை. சென்ற ஆண்டின் எக்ஸெல் கோப்பைத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, எண்களை அழித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். எண்கள் போய்விடும், உள்ளே வைத்த பெயர்கள் அப்படியே கூட வரும். இந்த மாதம் அந்தப் பெயர்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு செல்லுக்கோ, பல செல்கள் சேர்ந்த பகுதிக்கோ நாமே ஒரு பெயர் சூட்டலாம் என்கிற வசதியை ‘நேம்டு ரேஞ்ச்’ என்கிறார்கள். இது புதிதல்ல. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 காலத்திலேயே இருந்தது. விற்பனைத் தொகை பி2 செல்லிலும் வரி வீதம் எச்1 செல்லிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலாவில் ‘பி2 பெருக்கல் எச்1’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. ‘பி2 பெருக்கல் வீதம்’ என்று எழுதினால் கோப்பை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் அடுத்தவருக்குப் புரியும். அதனால்தான் கணக்குப் பிரிவில் சேரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது, செல்லுக்குப் பெயர் வையுங்கள் என்பதே. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எக்ஸெலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் ‘ஸ்கோப்’. ஒரு பெயர் ஒர்க்புக் முழுவதற்கும் பொதுவாக இருக்கலாம், அல்லது ஒரே ஒரு ஷீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாம்.

வீட்டுக்குள் “அம்மா” என்று கூப்பிட்டால் அந்த வீட்டு அம்மாதான் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் இருப்பவரைச் சொல்ல “பக்கத்து வீட்டு அம்மா” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷீட் அளவுப் பெயரும் அப்படித்தான். ஏப்ரல் ஷீட்டுக்குச் சொந்தமான ‘வீதம்’ என்ற பெயரை அந்த ஷீட்டுக்குள் வெறுமனே ‘வீதம்’ என்று எழுதினால் போதும். வேறு ஷீட்டிலிருந்து கேட்கும்போது ஷீட்டின் பெயரையும் ஓர் ஆச்சரியக்குறியையும் முன்னால் சேர்த்து ‘ஏப்ரல்!வீதம்’ என்று எழுத வேண்டும். ஒரே பெயர் ஒர்க்புக் அளவிலும் ஷீட் அளவிலும் இருந்தால், அந்த ஷீட்டுக்குள் ஷீட்டின் சொந்தப் பெயருக்கே முன்னுரிமை.

ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் உள்ள ‘நேம் பாக்ஸ்’ கட்டத்தில் பெயரைத் தட்டி என்டர் கொடுப்பதே நம்மில் பலரின் வழக்கம். அப்படி வைக்கும் பெயர் ஒர்க்புக் முழுவதற்கும் பொதுவாகிவிடும். ஷீட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால் ‘ஃபார்முலாஸ்’ டேப்பில் ‘டிஃபைன் நேம்’ திறந்து, ஸ்கோப் என்ற இடத்தில் ஷீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷீட் அளவுப் பெயர் ஏதோ அபூர்வ விஷயம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பிரின்ட் ஏரியா குறிக்கும் ஒவ்வொரு முறையும் எக்ஸெல் அந்த ஷீட்டுக்கென்று ‘பிரின்ட்_ஏரியா’ என்ற பெயரை உருவாக்குகிறது. பத்து ஷீட்டில் குறித்தால் அதே பெயர் பத்து முறை இருக்கும். அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை.

மோதல் எங்கே வருகிறது என்று காட்ட ஒரு நெய்க் கடையின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி வீதங்கள் மாறின. நெய்க்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆனது. கடைக்காரரின் கோப்பில் மாதத்துக்கு ஒரு ஷீட். முதலில் ஏப்ரல் ஷீட்டைத் தயார்செய்து, எச்1-இல் 12 சதவீதம் என்று எழுதி, நேம் பாக்ஸில் ‘வீதம்’ என்று பெயர் வைத்தார். பெயர் ஒர்க்புக் அளவில் அமைந்தது. மே மாதத்துக்கு அந்த ஷீட்டையே நகலெடுத்தார். அப்போது எக்ஸெல் எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல், மே ஷீட்டுக்கென்று இன்னொரு ‘வீதம்’ உண்டாக்கியது. அது மே ஷீட்டின் எச்1-ஐக் காட்டும். அதன் எல்லை மே ஷீட் மட்டுமே. ஜூன், ஜூலை என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே மூச்சில் நகலெடுத்து முடித்தபோது ஒர்க்புக்கில் பன்னிரண்டு ‘வீதம்’. ஒன்று பொதுவானது, மற்ற பதினொன்றும் தனித்தனி ஷீட்டுக்குச் சொந்தமானவை.

வீதம் மாறியதும் அவர் ஏப்ரல் ஷீட்டுக்குப் போய் 12-ஐ 5 ஆக்குகிறார். எல்லா ஷீட்டுக்கும் பொதுவான எண் அது என்பது அவர் நம்பிக்கை. நடந்தது இதுதான்: ஏப்ரலில் விற்ற ஒரு லட்சம் ரூபாய் நெய்க்கு 12,000 ரூபாய் வரி என்று ரிட்டர்ன் எப்போதோ போய்விட்டது, கோப்போ இப்போது 5,000 என்கிறது. அக்டோபரில் விற்ற ஒரு லட்சத்துக்கு 5,000 வர வேண்டிய இடத்தில் 12,000 நிற்கிறது. மாற்றக் கூடாத மாதம் மாறிவிட்டது, மாற்ற வேண்டிய மாதம் அப்படியே இருக்கிறது. எந்த செல்லிலும் பிழைக்குறி இல்லை. ஃபார்முலாக்கள் அத்தனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இந்த வகைத் தவறு என்னைக் கவலைப்படுத்துவதற்குக் காரணமே அதுதான். ஃபார்முலாவை எத்தனை முறை படித்தாலும் இது கண்ணில் படாது.

அப்படியானால் ஒரே பொது ‘வீதம்’ இருந்திருந்தால் சரியாகியிருக்குமா? அதுவும் இல்லை. 5 என்று மாற்றிய நொடியில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை எல்லா மாதமும் திரும்பக் கணக்கிடப்பட்டு, தாக்கல் செய்த கணக்கோடு ஒன்றுகூடப் பொருந்தாமல் போயிருக்கும். ஆகவே பெயர் வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த எண் நாளை மாறினால் பழைய ஷீட்டும் கூடவே மாற வேண்டுமா? கடையின் பெயர், ஜிஎஸ்டி எண் போன்றவை எல்லா ஷீட்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டியவை. அவற்றுக்கு ஒர்க்புக் அளவு. அந்தந்த மாதத்தின் தொடக்க இருப்பு அந்தந்த ஷீட்டுக்கே உரியது. அதற்கு ஷீட் அளவு.

வரி வீதம் இந்த இரண்டிலும் சரியாக அடங்காது. செப்டம்பர் ஷீட்டையே பாருங்கள். 21-ஆம் தேதி வரை ஒரு வீதம், 22 முதல் வேறு வீதம். ஒரு ஷீட்டுக்கு ஒரு வீதம் என்பதே அங்கே உடைந்துபோகிறது. இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சின்ன அட்டவணை. ‘அமைப்பு’ என்று தனி ஷீட் போட்டு, ஒரு நிரலில் அமலுக்கு வந்த தேதி, அடுத்ததில் வீதம் என்று எழுதுங்கள். 1.4.2025 – 12%, அதன் கீழே 22.9.2025 – 5%. இந்தப் பகுதிக்கு ‘வீத_அட்டவணை’ என்று ஒர்க்புக் அளவில் பெயர் வையுங்கள். மாத ஷீட்டில் பில் தேதியைக் கொடுத்து, அட்டவணையில் தேடி எடுக்கும் ‘விலுக்கப்’ ஃபார்முலா மூலம் வீதத்தை எடுக்கலாம். கடைசி இடத்தில் ‘ட்ரூ’ கொடுத்தால் அந்தத் தேதியில் அமலில் இருந்த வீதம் கிடைக்கும். அரசு நாளை வீதத்தை மாற்றினால் கீழே ஒரு வரி சேர்த்து, அதையும் உள்ளடக்கும்படி பெயரின் பகுதியை நீட்டிவிடுங்கள். பழைய எண் எதையும் தொட வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. பெயர் காட்டும் செல் வேறு ஷீட்டில் இருப்பதால், அதே ஒர்க்புக்குக்குள் மாத ஷீட்டை எத்தனை முறை நகலெடுத்தாலும் அந்தப் பெயருக்கு இரட்டை பிறக்காது. அமைப்பு ஷீட்டை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

ஷீட்டை வேறு ஒர்க்புக்குக்கு நகலெடுப்பது தனிக் கதை. அங்கே ஏற்கெனவே அதே பெயர் இருந்தால் எதைப் பயன்படுத்துவது என்று எக்ஸெல் கேட்கும். அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்தாமல் படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

பெயர் தொடர்பாக இன்னொன்று, ஜிஎஸ்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. நேம் பாக்ஸில் ‘ஜிஎஸ்டி18’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் பெயர் பதிவாகாது. கர்சர் வலப்பக்கம் வெகுதூரம் தாவிவிடும். எக்ஸெல் 2007 முதல் நிரல்கள் எக்ஸ்எஃப்டி வரை, அதாவது 16,384 வரை நீள்கின்றன. அவற்றில் ஜிஎஸ்டி என்பதும் ஒரு நிரல், 5,246-ஆவது. அதன் 18-ஆவது வரிசைக்குத்தான் எக்ஸெல் உங்களைக் கொண்டுபோகிறது. நடுவில் ஓர் அடிக்கோடு போட்டு ‘ஜிஎஸ்டி_18’ என்றால் ஏற்றுக்கொள்ளும்.

இனி உங்கள் கோப்பைத் திறந்து கன்ட்ரோல் எஃப்3 அழுத்துங்கள். ‘நேம் மேனேஜர்’ வரும். அதில் ஸ்கோப் என்று ஒரு நிரல் இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு வரியில் தெரிந்தால், ஒவ்வொன்றும் எந்த செல்லைக் காட்டுகிறது, அதில் இப்போது என்ன மதிப்பு என்று பக்கத்து நிரல்களில் பாருங்கள். வலப்பக்கம் உள்ள ஃபில்டர் பொத்தானில் ஷீட் அளவுப் பெயர்களை மட்டும், அல்லது பிழையாகிப்போன பெயர்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். எல்லையைத் திருத்த மட்டும் வழியில்லை. ‘எடிட்’ திறந்தால் ஸ்கோப் மங்கித் தெரியும். நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். நீக்குவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷீட்டின் மொத்தத் தொகையையும் ஒரு தாளில் குறியுங்கள். நீக்கிய பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க் பயன்படுத்துகிறவர்களுக்கும் அதே கன்ட்ரோல் எஃப்3-தான். அங்கேயும் ஸ்கோப் உண்டு.

பெயர் வைக்கும் அதே கட்டத்தில் ‘கமென்ட்’ என்று ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான கோப்புகளில் அது காலியாகவே கிடக்கிறது. எந்தத் தேதி முதல், எந்த ஷீட்டுகளுக்கு, யார் மாற்றலாம் என்று அதில் தமிழிலேயே எழுதி வையுங்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கப்போவது உங்கள் இடத்துக்கு வரும் வேறொருவராக இருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்