ஐஸ் மெஷினும் அரை மணி நேர சர்வீஸும்

காபி ஷாப், ஓட்டல் என்று எங்கு போனாலும் கவுண்டருக்கு அடியில் இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டீல் பெட்டி இருக்கும். அதுதான் ஐஸ் மெஷின். கேட்டபோதெல்லாம் ஐஸ் கொடுக்கும், நின்று போனால்தான் அதன் ஞாபகமே வரும். உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "அரை மணியில முடிச்சுக் கொடுங்க, சாயங்காலம் கூட்டம் வரும்" என்பார்கள்.

அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து என்பது என் கருத்து.

பாலிடெக்னிக் பயிற்சிக்காக ஒரு மெக்கானிக் அண்ணனோடு ஒரு மாதம் சுற்றினேன். ஒரு கடையில் உப்புப் படிவைக் கரைக்க ஆசிட் கலந்த திரவத்தை ஊற்றி ஓட விட்டார். அதன்பின் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கடைக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அலசாமலே கிருமி நீக்க பிளீச் திரவத்தை ஊற்றினார். ஒரு நிமிடத்தில் தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர். இருவரும் தெருவுக்கு ஓடினோம்.

ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றை விடக் கனமானது, தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். கவுண்டருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்பவனுக்கு அதைவிட மோசமான இடம் உண்டா?

அண்ணனுக்கு இது தெரியாமல் இல்லை. பாடம் எடுக்கும் அளவுக்குத் தெரியும். நேரம்தான் இல்லை.

அடுத்தது கரண்ட். மெஷினில் இருக்கும் ஆஃப் பட்டனை அமுக்கினால் ஐஸ் செய்வது நிற்கும். உள்ளே வரும் மின்சாரம் நிற்கும் என்று நம்ப முடியாது. கழுவும்போது பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும்தான். ஆனால் பேனலைக் கழற்றிக் கையை உள்ளே விடும்போது பிளக் வெளியே, நம் கண் முன்னால் கிடக்க வேண்டும். தரை எப்போதும் ஈரம் என்பதை மறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதை முறைப்படி இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் உயிருக்கு இன்னொரு காவல்.

மூன்றாவது, கேஸ். பழைய மெஷின்களில் ஆர்-134ஏ, ஆர்-404ஏ போன்றவை இருக்கும், அவை எளிதில் தீப்பற்றாதவை. புதிய மெஷின்கள் பலவற்றில் ஆர்-290 வருகிறது. அது வேறொன்றுமில்லை, புரொப்பேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் எரியும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். வீட்டு சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், ஏனென்றால் அதற்காகவே வாசனை சேர்க்கிறார்கள். ஆர்-290-ல் அது கிடையாது. கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது, இதுவும் தரையோடு தேங்கும். பெயர்ப் பலகையைப் படிக்காமல், காற்றோட்டம் பார்க்காமல் டார்ச்சைப் பற்ற வைப்பவர் என்ன செய்கிறார் என்று நீங்களே யோசியுங்கள். எரியாத கேஸுக்காகச் செய்த பழைய மெஷினில் ஆர்-290 அடைப்பதும் இதே வகை விளையாட்டுதான்.

"இதெல்லாம் மெக்கானிக் பாடு, எனக்கென்ன?" என்று கேட்கலாம். ஐஸ் ஒரு உணவு. 1987-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா, டெலவேர் மாநிலங்களில் வெள்ளநீர் கலந்த கிணற்றுத் தண்ணீரில் செய்த ஐஸால் நிறையப் பேருக்கு வாந்தி பேதி வந்தது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது நம் நினைப்பு மட்டுமே. சர்வீஸ் செய்யும்போது தொட்டியில் இருக்கும் பழைய ஐஸைக் கொட்ட வேண்டும். முடித்தபின் முதலில் விழும் ஐஸையும் கொட்ட வேண்டும். அவசர சர்வீஸில் இந்த இரண்டும்தான் முதலில் விடுபடும். அலசாத திரவம் உங்கள் லெமன் ஜூஸில்தான் வந்து சேரும்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. மெஷின் நின்றால் வியாபாரம் நிற்கும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் இன்னும் அடிக்கடி, கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வைக்கலாம். அன்றைக்கு ஒரு மூட்டை சுத்தமான ஐஸ் வெளியே வாங்கிக்கொள்ளலாம். மெக்கானிக்குக்குத் தலைக்கு இவ்வளவு என்று தராமல் செலவாகும் நேரத்துக்குக் கூலி தரலாம். இன்றைய கணக்கில் எத்தனை கடை ஏறி இறங்கினாரோ அத்தனை காசு. அப்புறம் அவர் எப்படி நிதானமாக அலசுவார்?

பாதுகாப்பு என்றதும் கையுறை, கண்ணாடி என்று பட்டியல் போடுகிறோம். அவையும் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் முதல் பாதுகாப்புக் கருவி நேரம்தான். அதைக் கொடுக்க வேண்டியது மெக்கானிக் இல்லை, வாசலில் நின்று கடிகாரம் பார்ப்பவர்.