ஸ்பெஷலிஸ்டா ஜெனரலிஸ்டா என்று கேட்பது யார்?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸூமில் ஒரு கருத்தரங்கு நடந்தது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருக்கிற எங்கட ஆக்கள் சிலர் சேர்ந்து, ஊரில் வேலை தேடுகிற பிள்ளைகளுக்காக நடத்தியது. தலைப்பு: வி.ஏ. வேலையில் முன்னேற ஸ்பெஷலிஸ்ட் ஆகவேணுமா, ஜெனரலிஸ்டாகவே இருக்கலாமா. எனக்கும் பத்து நிமிடம் தந்தார்கள். முதுகலை படிக்கிற பிள்ளை, தமிழும் கதைப்பாள், அது காணும் என்று நினைத்திருப்பார்கள். நானும் நல்ல பிள்ளையாக "உங்களுக்கென்று ஒரு துறையைத் தெரிவு செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு லாப்டொப்பை மூடினேன். அண்டைக்கு இரவு நித்திரை வரவில்லை. அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

வி.ஏ. என்றால் வேர்ச்சுவல் அசிஸ்டன்ட். வேறு நாட்டில் இருக்கிற ஒரு சின்னக் கொம்பனிக்கு, தன் வீட்டில், தன் லாப்டொப்பில், தன் கரண்டில் ஒப்பீஸ் வேலை செய்து கொடுக்கிற ஆள். போனுக்குள் இருந்து பதில் சொல்கிற மெஷினுக்கும் இப்போது அதே பெயர்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் கூப்பிட்டால் வரவேணும், முகம் தெரியக்கூடாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கேயோ இருக்கிற பன்னாட்டு நிறுவனத்தைப் பற்றிய கதை இல்லை. நார்த்மீட்டில் எங்கட வீட்டு முன்னறையில் அப்பா மோர்ட்கேஜ் புரோக்கர் வேலை செய்கிறார். அவருடைய வி.ஏ. கொக்குவிலில் இருக்கிறா. பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை. எங்கள் ஒன்பது மணி அவாவுக்கு விடியப்புறம் நாலரை. இங்கே கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினால் மூன்றரை. என் படிப்புச் செலவில் ஒரு பங்கு அவாவின் அந்த விடியப்புறத்தில் இருந்து வருகிறது. ஆகவே இதை வெளியில் நின்று எழுதவில்லை.

அக்கா நாலு வருடத்துக்கு முன்பு தொடங்கினபோது "ஜெனரல் வி.ஏ." மணிக்கு நாலு டொலர். அப்பாவின் ஈமெயில் பெட்டியைத் துப்புரவாக்குவது, வாடிக்கையாளருக்கு நேரம் குறிப்பது, பேஸ்புக்கில் தீபாவளி வாழ்த்துப் போடுவது, பில் அனுப்புவது, அம்மாவுக்கு விமான டிக்கெட் பார்ப்பது, ஒருமுறை என் தம்பியின் பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் பண்ணினது வரைக்கும் எல்லாம். நாளொன்றுக்கு இருபது விதமான வேலை. எந்த ஆள் காசு தரப் பஞ்சிப்படுவார், எந்த அன்ரிக்கு ஈமெயில் பிடிக்காது, போனில்தான் கதைக்கவேணும், அப்பா எதை மறப்பார், எப்போது கோவிப்பார் எல்லாம் அவாவுக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையும் அந்த வியாபாரம் ஓடினது அக்காவால்தான். ஆனால் இதற்குப் பெயர் "திறன் தேவையில்லாத வேலை". வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளையின் காய்ச்சலையும் மாமியின் மருந்தையும் ஞாபகம் வைத்திருக்கிற பெண்ணை "சும்மா வீட்டில இருக்கிறா" என்று சொல்கிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது.

பிறகு எல்லாரும் சொன்ன புத்தி: நிச் ஒன்றைப் பிடி, ஸ்பெஷலிஸ்ட் ஆகு. அக்கா கேட்டா. ஆறு மாதம் இரவிரவாகப் படித்தா. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இப்போது அவா "லோன் ப்ரொசெஸர்". அவுஸ்திரேலிய வங்கிகளின் கடன் விதிகள் அவாவுக்கு விரல் நுனியில். கடனின் வட்டிக்கு மேலே இன்னும் 3 வீதப் புள்ளி ஏறினாலும் கட்ட ஏலுமா என்று வங்கிகள் பார்க்கவேணும் என்பது 2021இல் ஏப்ரா போட்ட விதி. அந்தக் கணக்கை அவா என்னைவிட, சில நேரம் அப்பாவைவிட வேகமாகப் போடுவா. வீட்டு விலையில் 80 வீதத்துக்கு மேல் கடன் வாங்கினால் காப்புறுதி எவ்வளவு வரும், எந்த வங்கி ஓவர்டைம் சம்பளத்தை முழுதாகக் கணக்கில் எடுக்கும், எது குறைத்து எடுக்கும், எல்லாம் தெரியும். சம்பளம் ஆறு டொலர் ஆனது. கருத்தரங்குக்காரர் சொல்வது பொய்யில்லை, ஸ்பெஷலிஸ்ட் ஆனால் கூடும். இரண்டு டொலர்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கடன் முடிந்தால் வங்கியில் இருந்து புரோக்கர் பக்கம் வருகிற கொமிஷன் பொதுவாகக் கடன் தொகையில் 0.65 வீதம் அளவில். சிட்னியில் 800,000 டொலர் கடன் பெரிய கடனே இல்லை. அதற்கு 5,200 டொலர். கடன் ஓடுகிற காலம் முழுக்க வருடா வருடம் மிச்சத்தில் 0.15 வீதம் அளவில் இன்னும் வரும். இதில் அக்ரிகேட்டருக்கு ஒரு பங்கு, லைசன்ஸ், இன்ஷூரன்ஸ், வாடிக்கையாளர் பின்னால் அலைகிற நாட்கள், கைகூடாமல் போகிற பைல்கள் எல்லாம் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் செலவைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். ஆனாலும் அந்த பைலில் அக்கா செய்கிற வேலை பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். 72 டொலர்.

எனக்குக் கூடச் சுடுவது இந்தக் காசுக் கணக்கு இல்லை. அவா ஸ்பெஷலிஸ்ட் ஆனது எதில்? தனக்கு விசா கிடைக்காத ஒரு நாட்டின் வீட்டுக்கடனில். அந்த அறிவு கொக்குவிலில் செல்லாது. யாழ்ப்பாணத்தில் எந்த வங்கியும் ஏப்ராவின் விதியைக் கேட்காது. இங்கே புரோக்கர் ஆக ஒரு சேர்டிபிகேட், ஒரு கிரெடிட் லைசன்ஸின் கீழ் இடம், இன்ஷூரன்ஸ், எதிரில் உட்கார வாடிக்கையாளர் எல்லாம் வேணும். கொக்குவிலில் இருந்து அந்த வாசலுக்கு வழி கிடையாது. ஜெனரலிஸ்டாக இருந்தபோது அவாவிடம் இருந்தது எந்தக் கடையிலும் எந்தக் கந்தோரிலும் செல்லுகிற அறிவு. ஸ்பெஷலிஸ்ட் ஆனபிறகு இருப்பது, எங்கள் முன்னறைக்கும் அதைப் போன்ற சில நூறு முன்னறைகளுக்கும் மட்டும் பொருந்துகிற சாவி. முதலாளிகள் கூடிப் பேசி ஆறரைக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கவே தேவையில்லை. மணிலாவில் அதே சாவியோடு இன்னொரு பெண் நிற்கிறா என்று சொன்னால் போதும். மணிலாவுக்கும் சிட்னிக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம்தான். அக்காவின் நாலரை மணி எழுப்பம்கூட அங்கே தேவையில்லை.

இதற்குப் பழைய பெயர் இருக்கிறது. கணினியின் பாட்டன் என்று எல்லாரும் கொண்டாடுகிற சார்ள்ஸ் பாபேஜ் 1832இல் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டுக்கும் தேவையான அளவு திறனை மட்டும் முதலாளி விலைக்கு வாங்கலாம். முழுத் திறனுள்ள ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய வாதத்தின் சாரம் அதுதான். 1974இல் ஹரி பிரேவர்மன் அதைத் தூக்கிக் கந்தோர் வேலைக்குப் பொருத்திக் காட்டினார். வைத்தியர் கண் வைத்தியராகிறதும் அக்கா லோன் ப்ரொசெஸர் ஆகிறதும் ஒன்று என்று கருத்தரங்கில் ஒரு ஸ்லைட் காட்டினார்கள். கண் வைத்தியருக்குச் சங்கம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, கதவை அவரே பூட்டலாம். அக்காவுக்குக் கதவே இல்லை.

(நாங்கள் ஊர்ச் சமூகத்தில் இருந்து வந்த ஆக்கள். ஸ்பெஷலைசேஷன் என்றால் என்ன என்று எங்களுக்கு அமெரிக்க யூடியூபர் சொல்லித்தர வேண்டியதில்லை. துவைக்க ஒரு குடி, முடிவெட்ட ஒரு குடி, பறை அடிக்க ஒரு குடி என்று வைத்திருந்தது யார்? அவர்கள் எல்லாரும் தங்கள் தொழிலில் தேர்ந்தவர்கள்தான். கூலி எவ்வளவு என்று தீர்மானித்தது அவர்கள் இல்லை.)

அப்படியானால் ஜெனரலிஸ்டாக இருப்பது நல்லதா? காலையில் வேட்டை, பின்னேரம் மீன்பிடி என்று மார்க்ஸ் கனவு கண்ட மனிதர் இவர்தான் என்று எழுத எனக்கும் ஆசை. உண்மையில் ஜெனரல் வி.ஏ. என்றால் எல்லை இல்லாத வேலை. கேக் ஓடர் அதற்குச் சாட்சி. வேலை விபரம் எழுதப்படாத இடத்தில் "சும்மா இதையும் ஒருக்கா" என்பதற்கு முடிவே வராது. ஆனாலும் இரண்டில் ஒன்றைச் சொல் என்று கழுத்தில் கத்தி வைத்தால் ஜெனரலிஸ்ட் பக்கம்தான் நிற்பேன். முழு வியாபாரத்தையும் தெரிந்த ஆளிடம் ஒரு பலம் இருக்கிறது. அக்கா ஒரு கிழமை லீவு எடுத்தால் அப்பா தடுமாறுவார். லோன் ப்ரொசெஸிங் மட்டும் செய்கிற ஆளை ஒரு கிழமைக்கு இன்னொருவரால் நிரப்பலாம். "மெஷின் வருது, ஜெனரலிஸ்டைத்தான் முதலில் சாப்பிடும், ஓடிப்போய் ஸ்பெஷலிஸ்ட் ஆகு" என்று வெருட்டுகிறார்கள். எங்கள் முன்னறையில் நான் பார்த்தது எதிர்மாறு. சம்பளச் சீட்டை வாசித்து எண்களை எடுக்கிற, வங்கிக் கணக்கைச் செலவு வகையாகப் பிரிக்கிற சொப்ட்வேர்தான் முதலில் வந்தது. அது அக்காவின் நிச். கோவத்தில் இருக்கிற அன்ரிக்குப் போன் எடுத்துச் சமாளிக்கிற சொப்ட்வேர் இன்னும் வரவில்லை.

ஆனால் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது. ஸ்பெஷலிஸ்டோ ஜெனரலிஸ்டோ, தாளில் அக்கா "சுயாதீன ஒப்பந்தக்காரர்". அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போகிறது. ஊரில் ஒரு கொம்பனியில் வேலை செய்தால் முதலாளி ஈ.பி.எஃப்.புக்கு 12 வீதம், ஈ.டி.எஃப்.புக்கு 3 வீதம் கட்டவேணும். இங்கே வேலை செய்தால் 12 வீதம் சூப்பர். அக்காவுக்கு இரண்டும் இல்லை. 2022இல் ஊரில் கரண்ட் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனபோது பற்றரி வாங்கினது அவாவின் காசில். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் சேவை செய்து உழைக்கிற காசுக்கும் இலங்கை அரசு 15 வீதம் வரைக்கும் வரி போடுகிறது. மாதம் ஒன்றரை லட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தால் வலைக்குள். வரி கட்டுகிற நேரத்தில் மட்டும் அவா "ஏற்றுமதியாளர்".

2024 செப்டெம்பரில் இங்கே ஃபெயார் வேர்க் ஆணையத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பிலிப்பைன்ஸில் தன் வீட்டில் இருந்து ஓர் அவுஸ்திரேலிய நிறுவனத்துக்குச் சட்ட உதவியாளராக வேலை செய்த பெண். மணிக்கு 18 டொலர். தாளில் ஒப்பந்தக்காரர். வேலையால் நிறுத்தினபோது ஆணையத்துக்குப் போனா. நிறுவனம் "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்றது. ஆணையம் ஊழியர்தான் என்றது. கவனியுங்கள், அவா ஸ்பெஷலிஸ்ட். சட்ட வேலை, அக்காவின் சம்பளத்தைவிட மூன்று மடங்கு. அப்படிப்பட்ட ஆளையே "எங்கள் ஊழியர் இல்லை" என்று சொல்லத் துணிந்தார்கள். வாசல் கொஞ்சம் திறந்தது திறமையால் இல்லை, ஊழியர் என்ற உரிமையைக் கேட்டதால். ஒரு தீர்ப்பு எல்லா வி.ஏ.க்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் வேறு. ஆனால் கடல் தாண்டி இருந்தால் சட்டம் எட்டாது என்று இனி யாரும் அவ்வளவு லேசாகச் சொல்ல ஏலாது.

"ஆறு டொலர் அங்க பெரிய காசு பிள்ளை." இதை அப்பா சொல்கிறார், கருத்தரங்குக்காரர் சொல்கிறார், சில நேரம் அக்காவே சொல்கிறா. உண்மைதான். அந்தக் காசில் அவா தங்கச்சியைப் படிப்பிக்கிறா. ஊரில் ஒரு ரீச்சரைவிடக் கூட உழைக்கிறா. வேலையை நிறுத்துங்கோ என்று நான் சொன்னால் அவா என்னை மன்னிக்கமாட்டா, மன்னிக்கவும் தேவையில்லை. ஆனால் அப்பாவின் கொமிஷன் கொக்குவில் விலையில் வருவதில்லையே. 2025 ஜூலையில் இங்கே ஆகக்குறைந்த கூலி மணிக்கு 24.95 டொலர் ஆனது. அதற்கும் ஆறுக்கும் இடையில் இருக்கிற பத்தொன்பது டொலருக்குப் பெயர் "ஊர்ப் பிள்ளைக்கு உதவி" என்று வைத்திருக்கிறோம். கோயிலில், ஒன்றுகூடலில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்குகிறோம். மே 18இல் கொடி பிடிக்கிற எங்கள் கைகளுக்கும் இது தெரியவேணும்.

நாங்கள் செய்யக்கூடியது இது. அடுத்த கருத்தரங்குக்கு எங்கள் கூட்டமைப்பின் பெயரையும் போடக் கேட்டிருக்கிறார்கள். பெயர் போடுவதென்றால், பேசுகிற முதலாளிகள் தாங்கள் கொடுக்கிற மணிக்கூலியை முதலில் சொல்லட்டும். எழுத்தில் வேலை விபரம், படிக்கிற நேரத்துக்கும் கூலி, நோட்டீஸ் காலம், 12 வீதத்துக்குச் சமமான சேமிப்பு, கரண்டுக்கும் இணையத்துக்கும் தனிக் காசு: இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புவேன். இரண்டாவது, வி.ஏ. வேலை செய்கிற பிள்ளைகள் தங்களுக்குள் சம்பளத்தை ஒளிக்காமல் பேச ஒரு குழு. அதை நாங்கள் நடத்தக்கூடாது, வாட்ஸப்பைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே வரவேணும். மெல்பேர்ன் தோழர்கள் சிலருக்கு இதில் மனவருத்தம் வரும். உங்கள் வீடுகளிலும் முன்னறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தை முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். வாசித்தார். "இவ்வளவும் குடுத்தா மாதம் எவ்வளவு கூட வரும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கணக்கு ஸ்ப்ரெட்ஷீட் அக்காவிடம்தான் இருக்கிறது. அவாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை, அங்கே இப்போது விடியப்புறம் மூன்று. உங்கள் பதில்களை அடுத்த ஞாயிறுக்கு முன் அனுப்புங்கோ. கூட்டத்தை எங்கள் நேரத்துக்கு இரவு எட்டு மணிக்கு வைக்கலாமா? அப்படியென்றால் அவாவும் வரலாம்.