மஞ்சளுக்குச் சாட்சி யார்?

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்குச் செல்லும் மார்க்கத்தில், ஊரை நெருங்குவதற்கு முன்பே சித்தன்னவாசல் குன்று கண்ணிற் படும். அங்கே ஏழடிப்பட்டம் என்னும் குகைத் தளத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகே, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழெழுத்துக்களில், இன்ன ஊரிற் பிறந்த இன்னாருக்காக இன்னார் செய்த இருக்கை இது என்று பொறித்திருக்கிறது. குன்றின் மறுபுறத்திலே அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் அதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. ஆனால் அந்தக் கோயிலின் விதானத்திலே தாமரைத் தடாகத்தை எழுதிய கை எவருடையது? அதற்குப் பெயரில்லை. படம் எழுதியவர் தம் பெயரை எழுதாமலே போய்விட்டார்.

எழுதியது நின்றது, எழுதாதது மறைந்தது. இந்தச் சிறு வேற்றுமைதான் இன்று சர்வதேசச் சட்டத்தில் பெரியதொரு வியாஜ்ஜியமாக நிற்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். விஷயம் நமது அஞ்சறைப் பெட்டியைப் பற்றியதாகவே இருக்கிறபடியால், சற்றுப் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகிறோம்.

அன்னவாசலில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "அப்பத்தா! காயத்துக்கு மஞ்சள் வைக்க வேண்டுமென்று கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "இதென்னப்பா கேள்வி? எங்க மாமியா வச்சாக, நானும் வைக்கிறேன்" என்பாள். உலக வழக்கில் இதற்கு மேல் ருசு வேண்டுவதில்லை. சட்டத்தின் கண்ணுக்கோ, நெடுங்காலமாக இது ருசுவே அன்று.

1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் பேடண்டு ஆபீஸ், மஞ்சளைக் கொண்டு காயம் ஆற்றும் முறைக்கு 5401504 என்னும் எண்ணுள்ள காப்புரிமையை வழங்கியது. பெற்றது மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையம். கண்டுபிடித்தவர்கள் என்று குறிக்கப்பட்ட இருவரும் இந்திய வம்சத்தினர். அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்திருப்பாள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது!

இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1996இல் இதை ஆட்சேபித்து மறு பரிசீலனை கோரியது. அப்போது கவுன்சிலின் தலைமை டாக்டர் மஷேல்கரிடம் இருந்தது. கோடிக்கணக்கான பாட்டிமார்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கில்லை. ஏற்றியிருந்தாலும் பயனில்லை. ஏனெனில், அமெரிக்காவுக்குள் ஒரு பொருள் பொதுவாக வழங்கியிருந்தால் அதை முன்னறிவு என்று ஒப்புக்கொண்ட அந்நாட்டுச் சட்டம், வெளிநாட்டு வழக்கமாயின் அச்சிட்ட ஏட்டையோ பழைய பேடண்டையோ காட்டு என்று கேட்டது. ஆகவே கவுன்சிலார் சம்ஸ்கிருதம், உருது, ஹிந்தி முதலிய பாஷைகளிலுள்ள நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளியான ஒரு கட்டுரையையும் சேர்த்து, 32 ஆதாரங்களைத் திரட்டிச் சமர்ப்பித்தார்கள். 1997 ஆகஸ்டில் அந்த உரிமைக் கோரிக்கைகள் தள்ளப்பட்டன. மஞ்சள் தப்பியது. தப்புவித்தது அதன் குணமன்று, அச்சு எழுத்து.

வேம்பின் கதையும் இதற்கு ஒத்ததே. வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவுக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனிக்கும் ஐரோப்பியப் பேடண்டு ஆபீஸ் 1994இல் உரிமை தந்தது. வந்தனா சிவா அவர்களும், ஐரோப்பியப் பாராளுமன்றத்துப் பசுமைக் கட்சியினரும், இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேச சம்மேளனமும் 1995இல் ஆட்சேபித்தனர். இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 1980களில் மகாராஷ்டிரத்து வயல்களில் தாம் நடத்திய பரிசோதனைகளைப் பற்றி நேரிற் சாட்சி கூறினார். 2000 மே மாதத்தில் உரிமை ரத்தாயிற்று. அப்பீல் 2005 மார்ச்சு 8ஆம் தேதி தள்ளுபடியாயிற்று. ஒரே ஒரு பேடண்டுக்குப் பத்து வருஷ காலம்! இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேடண்டு என்பது தேசந்தோறும் தனித்தனியே பிறப்பது. ஓரிடத்தில் செத்தது மற்றோரிடத்தில் உயிரோடு இருக்கலாம். வழக்காடுகிற செலவோ ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லை.

இதைக் கொண்டு பேடண்டு என்பதே அந்நியர் சூழ்ச்சி என்று நாம் கூற வரவில்லை. அதன் உட்கருத்து நியாயமானது. புதிதாக ஒன்றைக் கண்டவன் அதன் ரகசியத்தை ஊரறிய வெளியிடுகிறான். அதற்குக் கைம்மாறாகச் சில காலம் அவனுக்கே அதன் பயன் உரியதாகிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கை இந்தக் காலத்தை 20 வருஷமாக வரையறுத்தது. காலம் முடிந்தபின் அந்த அறிவு உலகத்தாருக்குச் சொந்தம். நம் நாட்டில் நடந்ததோ வேறு. கைகண்ட மருந்தை வைத்திருந்த எத்தனையோ வைத்தியர்கள் அதைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடினார்கள். 'சொன்னால் மருந்து பலிக்காது' என்று ஒரு சமாதானமும் வைத்துக்கொண்டோம். அந்நியன் திருடினான் என்று வருந்துகிற நாம், நாமே சுடுகாட்டுக்கு அனுப்பியதைக் கணக்குப் பார்த்ததுண்டா?

மஞ்சள் வழக்கு கற்பித்த பாடத்தை நமது அரசாங்கம் மறக்கவில்லை. 2001இல் பாரம்பரிய அறிவுக்கென்று மின்னியல் நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி, யோகம் ஆகியவற்றின் பழைய நூல்களிலிருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட முறைகள் இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய, ஸ்பானிய மொழிகளில் பெயர்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிநாட்டுப் பேடண்டு ஆபீஸ்கள் விண்ணப்பங்களை ஆராயும்போது இதைப் பார்க்கின்றன. அமெரிக்கரும் தங்கள் சட்டத்தை 2011இல் திருத்தினார்கள். 2013 மார்ச்சிலிருந்து உலகில் எங்கு வழங்கிய வழக்கமாயினும் அது முன்னறிவாகவே கொள்ளப்படும். அப்பத்தாவின் சொல் அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவிட்டது என்று மகிழலாம். ஆயினும் அந்தச் சொல்லை நிரூபிக்கும் பாரம் இன்னும் நம்முடையதே.

இங்கே ஒரு தர்ம சங்கடம் எழுகிறது. அறிவை ஏட்டில் ஏற்றிவிட்டால் வேறொருவன் அதைத் தனக்கென்று பதிவு செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் அப்படி வெளியானதை எடுத்து எவனும் வியாபாரம் செய்யலாமே! காத்துவைத்த குடியானவனுக்கும் மலைவாசிக்கும் மிஞ்சுவது என்ன?

இதற்கு விடை தேடிய ஒரு முயற்சி நமக்கு அருகிலேயே நடந்தது. பொதிகையை ஒட்டிய கேரளத்து மலைகளில் வாழும் காணிக்காரர்கள், களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு செடியின் காயைத் தின்று வந்ததை 1987இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கி, 1995இல் கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் நூற்றுக்கு 2 வீதமான பங்குக்கும் உரிமை கொடுத்தார்கள். அந்த வருவாயில் சரிபாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடு. அமெரிக்கா மஞ்சளுக்குப் பட்டயம் எழுதிய அதே வருஷத்தில் நடந்தது இது! தொகை பெரிதன்று, பிற்காலத்தில் இடையூறுகளும் நேர்ந்தன. ஆயினும், வழி காட்டியவனுக்கும் பங்குண்டு என்னும் நியாயம் காகிதத்தில் ஏறியது.

அந்த நியாயம் மெள்ள மெள்ள உலகச் சட்டத்திலும் நுழைகிறது. 2010இல் நகோயா நகரில் நிறைவேறி 2014இல் அமலுக்கு வந்த உடன்படிக்கை, பயனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. 2024 மே 24ஆம் தேதி ஜினீவாவில் உலக அறிவுச் சொத்து ஸ்தாபனத்தின் அங்கத்தினர்கள் ஏற்றுக்கொண்ட புதிய ஒப்பந்தமோ, செடி கொடிகளின் மரபு வளத்தையோ, அதனுடன் சேர்ந்த பாரம்பரிய அறிவையோ அடிப்படையாகக் கொண்டு பேடண்டு கேட்பவன், அது எங்கிருந்து வந்ததென்று சொல்லியாக வேண்டும் என்று விதிக்கிறது. 'உனக்கு முன் எவரேனும் அறிவாரா?' என்று மட்டும் கேட்டு வந்த சட்டம், 'உனக்கு யார் சொன்னார்கள்?' என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியே அறத்துக்கு அருகில் உள்ளது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒருவன் பொய்ப்பதில் சொன்னால் அவனை மறுக்க நம் கையில் என்ன இருக்கிறது? 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு குழு அமைத்து, உள்ளூர் மக்களைக் கலந்து, அங்குள்ள செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. அன்னவாசல் பேரூராட்சியும் இதற்கு விலக்கன்று. நேயர்கள் தத்தம் ஊரில் அந்த ஏடு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால், அது ஆபீஸ் அலமாரியை நிரப்ப யாரோ எழுதிய ஏடா, அப்பத்தாவைக் கேட்டு எழுதிய ஏடா என்று திறந்து பார்க்க வேண்டும்.

சித்தன்னவாசலில் தாமரைக் குளத்தை எழுதியவரின் பெயரை இனி எவராலும் மீட்க முடியாது. அன்னவாசல் திண்ணையில் இருக்கும் அந்த அம்மாள் இன்னும் நம்மோடு இருக்கிறாள். அவள் சொல்வதை, அவள் பெயரையும் தேதியையும் சேர்த்து, அவள் இருக்கும்போதே எழுதிக்கொள்வோமாக.