மரம் சாய்ந்தால் மரமா குற்றவாளி?

2024 செப்டம்பரில் பலத்த காற்றுடன் பெய்த மழையில், ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தா லாமா வட்டாரத்தில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து சுற்றுலா வாகனத்தின் மீது விழுந்தது. சீனாவிலிருந்து வந்திருந்த இரண்டு சுற்றுப்பயணிகள் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே 7ஆம் தேதி, கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஒருவர் மாண்டார். 17 வாகனங்கள் சேதமடைந்தன.

இப்படியொரு செய்தி வந்ததும் "பழைய மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டியதுதானே?" என்ற குரல் எழுகிறது. உயிர் போன இடத்தில் அச்சம் எழுவது இயல்பு. ஆனால், அந்த மரங்கள் ஏன் சாய்கின்றன என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மரத்தின் பெரும்பாலான வேர்கள் ஆழத்தில் இல்லை. மேல்மண்ணில், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவிக் கிடக்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போதும், கால்வாய் தோண்டும்போதும், குழாய் பதிக்கும்போதும் முதலில் அறுபடுவது அவைதான். பிறகு அடிமரம்வரை தார் பூசினால் காற்றும் நீரும் மண்ணுக்குள் இறங்காது. கிளைகளை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் அழுகல் புகும். அங்கே புதிதாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானமும் குறைவு. மேலே இலை பச்சையாக இருக்கும். உள்ளே மரம் கூடாகிப் போயிருக்கும். ஒரு நாள் காற்று அடிக்கும்போது "திடீரென விழுந்தது" என்கிறோம். உண்மையில் அது பல ஆண்டுகளாக விழுந்துகொண்டிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவு, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்ட மரத்தை உள்ளூர் அதிகாரத் தரப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஆனால், இந்தப் பிரிவு பேசுவது வெட்டுவதைப் பற்றி. வேரை அறுத்து மெல்லச் சாகவிடுவதை அது தொடுவதில்லை.

நடுவதில் நமக்கு ஆர்வம் குறைவில்லை. 2021 முதல் 2025 வரை 10 கோடி மரங்கள் நடும் தேசிய இயக்கம் நடந்தது. பினாங்குத் தீவின் வெப்பத்தையும் வெள்ளத்தையும் குறைக்க, 1 கோடி அமெரிக்க டாலர் அனைத்துலக நிதியுதவியுடன் மரம் நடுதலையும் உள்ளடக்கிய திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் வேண்டும். முட்டுக்கம்பைக் காலத்தில் அவிழ்க்க வேண்டும். முதிர்ந்த மரத்தை முறையாகப் பரிசோதிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். நடுவிழாவுக்குப் படம் எடுக்க வருபவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை.

மரத்தை இழந்தால் எதை இழப்போம் என்பதைப் பினாங்கின் ஊர்ப்பெயர்களே சொல்லும். பினாங் என்றால் பாக்கு. ஜார்ஜ்டவுன் எழுந்த முனையின் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா நம் புன்னை மரம். ஜெலுத்தோங் ஒரு மரம். சுங்கை ஆராவின் ஆரா, அத்தி இனம்.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த அருவி, மேலே காடு இருப்பதால்தான் ஓடுகிறது. பெய்யும் மழையைக் காட்டு மண் உறிஞ்சி வைத்து மெல்ல விடுகிறது. காடு போனால் மழை நாளில் வெள்ளம், வெயில் நாளில் வறட்சி. பினாங்கு மலையும் அதைச் சுற்றியுள்ள காடும் கடலுமாக 12,481 ஹெக்டேர் பரப்பை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலைக்குக் கிடைத்த இந்தக் கவனம், கீழே சாலையோரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் கிடைக்க வேண்டும்.

மாநகர் கழகம் முதிர்ந்த மரங்களின் பரிசோதனை விவரத்தை வட்டாரவாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிடலாம். எந்த மரம் எப்போது பார்க்கப்பட்டது என்று தெரிந்தால், அச்சமும் குறையும். தேவையில்லாமல் வெட்டுவதும் குறையும். சாலை, கால்வாய்க் குத்தகையாளர்கள் வேரை அறுப்பதற்கு முன் மர வல்லுநரின் ஒப்புதல் பெறுவதைக் கட்டாயமாக்கலாம்.

நம் பங்கும் உண்டு. கோயில் அரசமரத்துக்கு மேடை கட்டும்போது அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசாமல், மண் தெரியும்படி இடம் விடுவோம். வேரடியில் விளக்கேற்றுவதையும் குப்பை எரிப்பதையும் நிறுத்துவோம். விளம்பரப் பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்ட வேண்டாம். மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, அடியில் மண் வெடித்திருந்தாலோ, தண்டில் காளான் முளைத்திருந்தாலோ உடனே மாநகர் கழகத்திடம் புகார் செய்யுங்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள் நிற்கும் மரமென்றால், நிர்வாகக் கூட்டத்தில் அதன் பராமரிப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கும்படி கேளுங்கள்.

மரத்தைக் காப்பதும் அதன் கீழே நடப்பவரைக் காப்பதும் ஒரே வேலைதான். அதை மரம் விழுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.