வீட்டுத் தோட்டம்: காப்புக்கு ஓர் ஆவாரை

நாகபுரிக்கு மாற்றலாகி வந்த முதற் பொங்கலன்று நம் வீட்டில் ஒரு சிறு மனக்குறை நேர்ந்தது. நம் அன்னையார் கொங்கு நாட்டினர். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். வேப்பிலை குவார்ட்டர்ஸ் வாயிலிலேயே கிடைத்தது. மற்றவற்றிற்காகச் சந்தை முழுதும் அலைந்தும் செவ்வந்தி மாலையோடுதான் திரும்பினோம். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. வேப்பிலையை மட்டும் கூரையோரம் செருகிவிட்டு உள்ளே சென்றுவிட்டார்.

அடுத்த விடுப்பில் ஊர் சென்றபோது, பாதையோரப் புதரில் முற்றிக் காய்ந்திருந்த ஆவார நெற்றுகளைப் பறித்து வந்தோம். ஆனி மாதத்து முதல் மழையில் கொல்லையில் கைநிறைய விதைத்தோம். ஒன்றேனும் முளைக்கவில்லை. மண்ணைப் பழித்தோம், மழையைப் பழித்தோம், பிழை நம்முடையதே. ஆவார விதையின் தோல் மிகக் கடினமானது. நீர் உட்புகாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எஞ்சிய விதைகளை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, கொதித்திறக்கிய நீரில் இட்டு, அந்நீர் ஆறும்வரை இரவு முழுதும் ஊற வைத்தோம். காலையில் பருத்திருந்தவற்றை மட்டும் அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றினோம். பத்து நாட்களில் முளை கண்டது!

ஒரு செய்தி மறவற்க. இச்செடியின் ஆணிவேர் விரைந்து ஆழமாக இறங்கும். தொட்டியில் வளர்த்துப் பின்னர் பெயர்த்து நடுதல் பெரும்பாலும் வீண். நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. கரிசலில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மேட்டுப்பாங்கான இடமாகப் பார்க்க. எருவும் அதிகம் வேண்டா.

அலுவலகத்து மராத்திய நண்பர் ஒருவர் நம் செடியைக் கண்டு நகைத்தார். "இது தர்வட் அல்லவா? எங்கள் ஊர்த் தரிசெல்லாம் இதுதானே!" என்றார். நாம் நெடுந்தொலைவு சுமந்து வந்தது இம்மண்ணுக்கும் உரியதே என்பதை அன்றுதான் அறிந்தோம். பூக்கடையில் தேடியதை ஊர்ப்புறத்தில் தேடியிருக்கவேண்டும்.

பொறுமையற்றோர்க்குக் காசித்தும்பை உண்டு. இதுவும் நம் நாட்டுச் செடியே. மராத்தியர் தேரடா என்று கௌரி பூசைக்குக் கொள்வர். மழைத் தொடக்கத்தில் விதையைத் தூவி மெல்லிதாக மண் மூடினால் போதும். இரண்டு திங்களில் மலரும். முற்றிய காய் தொட்டவுடன் வெடித்துச் சிதறுமாதலால் உள்ளங்கையில் பொத்திப் பறிக்கவேண்டும். நம் இளைய மகளுக்கு இவ்வேலையில் பேரார்வம். பாதி விதை அடுப்பங்கரையில்தான் முளைக்கிறது. செங்காந்தளை மட்டும் சிறுவர் உள்ள இல்லங்களில் வைக்கவேண்டா. அதன் கிழங்கும் விதையும் உயிர்க்கொல்லி நஞ்சு.

இரண்டாம் ஆண்டு மார்கழி இறுதியில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்தது. அன்னையார் தாமே பறித்துக் காப்புக் கட்டினார். பூளைப்பூ இன்னும் அகப்படவில்லை.

வரும் கோடையில் நமக்கு மீண்டும் மாற்றல் வரக்கூடும். செடியைப் பெயர்த்துச் செல்ல வழியில்லை. ஆதலின் நெற்றுகளை உலர்த்திக் காகித உறைகளில் இட்டு வைத்துள்ளோம். வேண்டும் அன்பர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெற்றுக்கொள்ளலாம், உப்புத்தாளை மறவாதீர்.