தட்டைத் தனியாக வைக்க வேண்டாம்

மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மருமகளுக்கு ‘மல்ட்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். “வைரஸால வர்ற வியாதியாமே! குழந்தைக்கு ஒட்டிக்குமா? தட்டு, டம்ளரைத் தனியா வச்சுடட்டுமா?” என்று மாமியார் கேட்டார். இந்த பயம் வேறு வீடுகளிலும் இருக்கலாம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மின்சார ஒயரின் மேல் ரப்பர் இருப்பது போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேல் ‘மையலின்’ என்ற மேலுறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே இந்த உறையை எதிரி என்று எண்ணி அரித்துவிடுவதுதான் இந்த வியாதி. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

வைரஸ் எங்கிருந்து வந்தது? ‘எப்ஸ்டீன்-பார்’ என்பது 1964-ல் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ். எச்சில் மூலம் பரவும். உடம்பில் ஆயுசுக்கும் தூங்கிக் கிடக்கும். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை இருபது வருஷம் கவனித்து, ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்த வைரஸ் தொற்றிய பிறகு ஸ்க்ளீரோஸிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறதாம். வைரஸின் ஒரு புரதம் மூளையிலுள்ள ஒரு புரதத்தைப் போலவே இருப்பதால் எதிர்ப்பு சக்தி ஆள் மாறி அடிக்கிறது என்று அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள்.

பயந்துவிடாதீர்கள். பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. நம் ஊரில் பலருக்குச் சிறு வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். பால் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. புரை குத்தினால்தானே தயிராகும்? பரம்பரை வாகு, வைட்டமின் டி குறைவு, சிகரெட் என்று வேறு பலதும் சேர்ந்தால்தான் அபூர்வமாகச் சிலருக்கு இந்த வியாதி வருகிறது. வியாதி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அந்தப் பெண் சமைக்கலாம், குழந்தையைக் கொஞ்சலாம், ஒரே பந்தியில் சாப்பிடலாம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு கண் திடீரென்று மங்கி, கண்ணை அசைத்தால் வலிக்கிறதா? கை கால் மரத்து, நடை தள்ளாடி, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? தானே சரியாகிவிட்டாலும் விடாதீர்கள். இது வந்து வந்து போகும். அதனாலேயே, “வேலைக்கு சோம்பல், நடிக்கிறா” என்ற பழி பல பெண்கள் மேல் விழுகிறது. உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். பூரணமாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்க நல்ல மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

உஷ்ணம் பட்டால் இவர்களுக்குத் தொந்தரவு தற்காலிகமாகக் கூடும். நம் சென்னை வெயிலில் மத்தியான வேளைக் கடைவீதி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். அடுப்படியில் ஃபேன் வையுங்கள். எண்ணெய் ஸ்நானத்துக்குக் கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பே போதும்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் இந்த வியாதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பின் அளவுக்கேற்பச் சான்றிதழ் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.