பச்சை குத்தும் கடைக்குப் பட்டணத்தில் இடமில்லையா?

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில், ஹெர்மோசா பீச் என்று ஒரு சிறு கடற்கரை நகரம். அந்த நகரத்துச் சட்டப் புத்தகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. வணிகப் பகுதியில் இன்னின்ன தொழில்களை நடத்தலாம் என்று கூறும் பட்டியல். திரையரங்கு நடத்தலாம். உணவு விடுதி நடத்தலாம். மதுக்கடை திறக்கலாம். துப்பாக்கி விற்கலாம். குறி சொல்லிக் காசு வாங்கலாம். வயது வந்தோருக்கு மட்டும் என்று திரை போட்டு நடத்தும் கடைகளுக்குக்கூட அதிலே இடம் இருந்தது. பச்சை குத்தும் கடைக்கு மட்டும் இடமில்லை!

பட்டியலில் பெயர் இல்லாத தொழில், நகரில் நடக்கக் கூடாத தொழில். அதுதான் அங்கே சட்டம். துப்பாக்கியைக் கண்டு அஞ்சாத நகரத் தந்தையர், ஊசியைக் கண்டு அஞ்சினார்கள். போதை தரும் புட்டியைப் பொறுத்துக்கொண்டவர்கள், தோலில் தீட்டும் ஓவியத்தைப் பொறுக்க மாட்டோம் என்றார்கள். கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால், கையிலே தொழிலும் நெஞ்சிலே நம்பிக்கையும் கொண்டு, கடை திறக்க இடம் தேடி அலைந்தவருக்கு அது வேடிக்கை அல்ல, வாழ்க்கை.

பச்சை குத்துவது நமக்குப் புதிய செய்தி அன்று. நம் பாட்டிமார்களின் முன்கையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கோலமும், தேளும், பெற்றவர் பெயரும் அந்தக் கைகளில் பச்சையாகப் பதிந்திருந்தன. ஊசியும் மையும் எடுத்துக்கொண்டு வீதி வீதியாக வந்த பெண்கள், திண்ணையிலே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். எந்த மண்டலம், எந்தப் பிரிவு என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. இன்று அந்தத் தொழில் உலகெங்கும் கடை வீதிக்கு வந்துவிட்டது. கடை வீதிக்கு வந்தால் சட்டத்தின் வாசலுக்கும் வந்தாக வேண்டும். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை என்று வகுப்பதை நாம் குறை கூறவில்லை. அது தேவை. ஆலையின் புகை பள்ளிக்கூடத்துச் சன்னலுக்குள் நுழையக் கூடாது. தோல் பதனிடும் கழிவு குடியிருப்பின் கிணற்றில் கலக்கக் கூடாது. 1916-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் முழுமையான மண்டலச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1926-இல் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூரின் வழக்கில், இப்படிப் பிரிப்பது முறையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால், நல்ல வேலி எது, வழிமறிக்கும் முள் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். சான்பிரான்சிஸ்கோ நகரில் 1880-இல் ஒரு சட்டம் வந்தது. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த வேண்டுமானால், மேற்பார்வையாளர் குழுவின் இசைவு வேண்டும் என்றது சட்டம். காரணம் என்ன? தீ விபத்து அச்சம்! படிப்பவருக்கு நியாயமாகவே தோன்றும். அந்நாளில் அந்நகரின் சலவைக் கடைகள் ஏறத்தாழ 320. அவற்றில் 310 மரக் கட்டடங்கள். இசைவு கேட்ட சீனர் ஏறத்தாழ 200 பேர். அத்தனை பேருக்கும் மறுப்பு. சீனரல்லாதார் ஏறத்தாழ 80 பேர்; ஒரே ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் அனுமதி. தீக்கு நிறம் தெரியுமா? சீனனின் மரக் கடை மட்டும் எரியும், வெள்ளையனின் மரக் கடை எரியாதா? 1886-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கபடத்தை உடைத்தது. சட்டத்தின் எழுத்து நேராக இருந்தாலும், அதை நடத்தும் கை கோணலாக இருந்தால் அது அநீதியே என்று கூறிற்று.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம், இன்னின்ன தெருவில் இன்னின்ன நிறத்தார்தான் குடியேறலாம் என்றே சட்டம் செய்தது. 1917-இல் அதுவும் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஊரை வகுக்கும் கோல், மனிதரை ஒதுக்கும் கோலாகவும் மாறும் என்பதற்கு இவை சாட்சி. பச்சை குத்துவோர் பட்ட துன்பம் சீனரும் கறுப்பரும் பட்ட துன்பத்துக்கு ஈடு என்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது பெருந்துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். நாம் சுட்டுவது, கையாண்ட முறை ஒன்றே என்பதைத்தான். “உன்னைப் பிடிக்கவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்ல நாணுகிறவர்கள், “உனக்கு இங்கே இடமில்லை” என்று சட்டத்தின் குரலில் சொல்கிறார்கள்.

அரிசோனா மாநிலத்து மேசா நகரின் கதையைக் கேளுங்கள். ஒரு தம்பதியினர் கடை வரிசையொன்றில் பச்சை குத்தும் நிலையம் திறக்க அனுமதி கேட்டார்கள். நகரின் திட்டத் துறை அலுவலர்கள் மனுவை ஆராய்ந்தார்கள். நிபந்தனைகளோடு அனுமதி தரலாம் என்று பரிந்துரைத்தார்கள். பிறகு என்ன நடந்தது? 2009-இல் மண்டல வாரியத்தின் முன் விசாரணை. அக்கம்பக்கத்தார் சிலர் வந்து, இந்தக் கடை இங்கே பொருந்தாது என்று கவலை தெரிவித்தார்கள். மூவர் வேண்டாம் என்றார்கள். இருவர் வேண்டும் என்றார்கள். நகர மன்றத்தில் ஆறு பேர் எதிர்ப்பு, ஒருவர் ஆதரவு. மனு தள்ளுபடி!

விதியின்படி நடந்தார்கள், அலுவலர்களின் ஒப்புதலும் பெற்றார்கள். இருந்தும், கைதூக்கியவர்களின் எண்ணிக்கை அவர்களை வீட்டுக்கு அனுப்பிற்று. அவர்கள் அஞ்சவில்லை, வழக்காடினார்கள். 2012-இல் அரிசோனா உச்ச நீதிமன்றம், பச்சை குத்துவது கருத்து வெளிப்பாடே, அதற்கு அரசியல் சட்டத்தின் காப்பு உண்டு என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

அதற்கு முன்பே, 2010 செப்டம்பரில், ஹெர்மோசா பீச் வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழி காட்டியிருந்தது. நீதிபதி ஜே பைபி எழுதிய தீர்ப்பு அது. தோலில் விளையும் ஓவியம், அதை வரையும் செயல், அதற்கான கடை ஆகிய மூன்றும் பேச்சுரிமையின் காப்புக்கு உட்பட்டவை. நகரம் முழுவதிலும் அடியோடு தடுப்பது செல்லாது என்பது அதன் சாரம். காகிதத்தில் எழுதினால் உரிமை, துணியில் தீட்டினால் உரிமை, தன் தோலில் தானே விரும்பிப் பதித்துக்கொண்டால் மட்டும் குற்றமா? நெற்றியில் அடித்தாற்போல் விழுந்த கேள்வி அது.

“நோய் பரவினால் யார் பொறுப்பு?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊசி தோலைத் துளைக்கிறது, இரத்தம் கசிகிறது, தூய்மை தவறினால் மஞ்சள் காமாலையைத் தரும் ஈரல் நோய்க் கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். இதை மறைக்க நாம் முயலவில்லை. அந்த அச்சத்தால்தான் நியூயார்க் நகரம் 1961-இல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. மின்விசையால் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்றவர் அதே நகரத்துக்காரர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்! மாசசூசெட்ஸ் 1962-இல் தடை செய்தது. நியூயார்க்கின் தடை 1997 வரை, மாசசூசெட்ஸின் தடை 2000 வரை நீடித்தன. அத்தனை ஆண்டுகளில் பச்சை குத்துவது ஒழிந்ததா? இல்லை. கடை வீதியிலிருந்து பின்கட்டுக்குப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் நடந்தால் ஆய்வாளர் பார்ப்பார்; இருட்டில் நடந்தால் யார் பார்ப்பார்?

ஹெர்மோசா பீச் வழக்கில் பதிவான கணக்கு இன்னும் பெரிய உண்மையைச் சொல்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் பச்சை குத்தும் நிலையங்கள் ஏறத்தாழ 300. தொழில் செய்வோர் 850-க்கு மேல். அவர்களைக் கண்காணிக்க ஆய்வாளர் ஒரே ஒருவர்! குறை எங்கே இருக்கிறது? ஊசியிலா, ஆட்சியிலா? காவலுக்கு ஆள் போதவில்லை என்றால் கூடுதலாக ஆள் போடுவார்களா, கடைத்தெருவையே மூடுவார்களா? புதிய ஊசி, கொதிநீராவியில் தூய்மை செய்த கருவி, கையுறை, பயிற்சி, பதிவு என்று விதி செய்யட்டும், மீறியவரைத் தண்டிக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பச்சை குத்துவது கலிபோர்னியாவில் குற்றம். நல்ல சட்டம். அதைப் போலக் குறி பார்த்து அடிக்கும் சட்டம் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும்.

“ஊரின் அழகு கெடும்; சுற்றுலா வருவோர் மயக்கத்தில் குத்திக்கொண்டு பிறகு வருந்துவர்” என்பது இன்னொரு வாதம். புளோரிடா மாநிலத்துக் கீ வெஸ்ட் நகரம் இதைச் சொன்னது. 1966 முதல் 2007 வரை அந்தத் தீவு முழுவதிலும் தடை இருந்தது. பிறகு, பழம்பெருமை வாய்ந்த பகுதியில் மட்டும் தடை தொடர்ந்தது. சான்று எங்கே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டபோது, காட்ட ஓர் ஆய்வும் இல்லை. ஜிம்மி பஃபெட் பாடிய ‘மார்கரிட்டாவில்’ என்ற பாட்டைத் துணைக்கு அழைத்தார்கள்! அந்தப் பாட்டில் வருபவன் தன் பச்சையைக் கண்டு வருந்தவில்லை, மெச்சுகிறான் என்று நீதிமன்றமே எடுத்துக் காட்டிற்று. அந்தப் பகுதியில் ஏற்கெனவே இரண்டு கடைகள் நடந்துகொண்டிருந்தன. அவற்றால் ஊர் கெட்டது என்பதற்கும் சான்றில்லை. 2015-இல் நகரம் தோற்றது. பாட்டைக் கொண்டு பிழைப்பைக் கெடுக்க முயன்றவர்களுக்குக் கிடைத்த பாடம் அது.

அக்கம்பக்கத்தாரின் குரலை அலட்சியப்படுத்தச் சொல்கிறோமா? இல்லை. நள்ளிரவில் கூச்சல் வேண்டாம் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விளக்குப் பலகை கண்ணைக் கூசக் கூடாது, வண்டிகள் வழியை மறிக்கக் கூடாது என்று கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் அந்த விதி முடிதிருத்தும் கடைக்கும், தேநீர்க் கடைக்கும், பச்சை குத்தும் கடைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைக்கு வருபவனின் முகத்தைப் பார்த்து விதி வகுக்கக் கூடாது. அண்டை வீட்டாரின் அச்சம் விசாரிக்கத் தக்க செய்தி. அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.

எனவே நகர மன்றங்களுக்கு நாம் சொல்வது இதுதான். மற்றக் கடைகளுக்கு இடமுள்ள வணிகப் பகுதியில் இந்தத் தொழிலின் பெயரையும் பட்டியலில் சேருங்கள். நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மனு வந்தபிறகு புதிது புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள். வாடகை ஒப்பந்தம் செய்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருப்பவனுக்கு ஒவ்வொரு மாதமும் கடன் ஏறுகிறது. ஆகவே முடிவுக்கு நாள் குறியுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுதுங்கள்; காரணத்துக்குச் சான்று காட்டுங்கள். தூய்மையைச் சுகாதாரத் துறை பார்க்கட்டும். இடத்தைத் திட்டத் துறை பார்க்கட்டும். ரசனையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்!

வழக்காட வசதி உள்ளவர் நீதிமன்றம் போனார். ஆண்டுக் கணக்கில் போராடி வென்றார். வசதி இல்லாதவர் எத்தனை பேர் முதல் மறுப்பிலேயே ஊசியை மடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்களோ? அவர்களுக்காக எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை. உழைத்துப் பிழைக்க ஒரு கடை கேட்பவன் சலுகை கேட்கவில்லை; அடுத்த கடைக்காரனுக்குக் கிடைத்த அதே நியாயத்தைக் கேட்கிறான். அதைக் கொடுக்க நகர மன்றத்துக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, நேர்மை இருந்தால் போதும்.